முன்னால் நிற்பவள்

பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுகிறாள் ஜெபசெல்வி. கண்டக்டர் திட்டுவது அவள் முதுகில்தான் விழும். "ஏம்மா, கையி காலு ஒடிஞ்சா யாரும்மா பதில் சொல்றது?" என்று அவர் கேட்டு முடிக்கும்போது அவள் டீக்கடையைத் தாண்டியிருப்பாள். அப்படி என்ன தலை போகிற அவசரம் என்று கேட்டால், ஒன்றுமே கிடையாது. உட்காரத் தெரியாத பிறவி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், எழுந்து போய்க் கடைசி வாசலில் நின்றுகொண்டு குதிகாலை மாற்றி மாற்றித் தூக்க ஆரம்பித்துவிடுவாள். ரேஷன் கடை வரிசையிலும் இதே கூத்துதான். "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்துட்டா" என்று ஏரியில் வலை கட்டும் புருஷன் சாலமன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வான், கட்டிக்கொண்டாயிற்றே.

பழவேற்காடு ஏரிக்கரையில் நண்டு வாங்கும் கொட்டகை ஒன்றில் அவளுக்கு வேலை. உயிரோடு வரும் நண்டின் கொடுக்கைச் சரடால் கட்டிக் கூடையில் அடுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் போச்சு. மற்றப் பெண்கள் கண் வாங்காமல் பார்த்துக் கட்டுவார்கள். இவள் கண் மட்டும் ஐஸ் பெட்டிமேல் சாய்த்து வைத்த செல்போனில் இருக்கும். இடது கட்டைவிரலில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். பட்டும் புத்தி வரவில்லை.

போனில் ஓடுவது சினிமாவும் இல்லை, சீரியலும் இல்லை. சீனாக்காரி ஒருத்தி இரட்டையர் ஆடிய பழைய பேட்மிண்டன் ஆட்டங்கள். "பேரு வாயில நுழைய மாட்டேங்குது. நம்ம பொண்ணுன்னே வச்சிக்கோயேன்" என்பாள். யாரோ ஒரு தம்பி தமிழில் பேசிப் போட்ட வீடியோவிலிருந்து அந்தப் பெண்ணின் கதை முழுவதும் இவளுக்கு அத்துப்படி. பள்ளிக்கூட வயதில் ஒற்றையர் ஆடிக்கொண்டிருந்தவளை, உயரம் போதாது என்று பயிற்சியாளர் இரட்டையரில் தள்ளினாராம். முதல் ஜோடியோடு கோப்பை வாங்கின கையோடு ஜோடியைப் பிரித்துவிட்டார்கள். அடுத்து ஒரு நெட்டைப் பெண்ணைச் சேர்த்தார்கள், அவளோடும் ஜெயித்தாள். அதையும் பிரித்தார்கள். நடுவில் கணுக்கால் பிசகி ஒரு வருஷம் படுக்கை. எழுந்து வந்தால் பக்கத்தில் புதுசாக ஒரு சின்னப்பெண். அவளையும் தட்டிக்கொடுத்து மேலே ஏற்றிவிட்டாள். ஜெபசெல்வி இதையெல்லாம் தன் சித்தி மகள் கதையைப் போலச் சொல்வாள். சொல்லும்போது கூடவே கண் கலங்கும்.

"அடப்பாவிங்களா, ஜெயிச்சவள எதுக்குடி பிரிக்கிறானுங்க?" என்று கேட்டாள், எதிரே நண்டு கட்டும் சூசையம்மாள்.

"நம்ம ஏரில பாடு இல்லியா? அதுமாதிரிதான்."

பாடு என்பது இந்த ஏரியின் வழக்கம். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைக்காது.

"எங்க ஆளு, போன வாட்டி ஷோக்கா எறா வுழுந்துச்சுன்னு அந்த எடத்துலயே குந்திக்கினு இருந்தா உடுவாங்களா? எழுந்து போன்னுவாங்க, போவணும். அந்தச் சீனாக்காரியும் போனா. மூஞ்சி தூக்கல, அழுவல. புது ஆளு பக்கத்துல போயி நின்னா, ஆடுனா. அவதான்டி ஆட்டக்காரி" என்றாள் ஜெபசெல்வி. பேச்சு என்னவோ பிரமாதம்தான். தன் தலையில் விழும்போதுதானே தெரியும்.

இவளும் ஆட்டக்காரிதான். மாதா கோயிலுக்குப் பின்னால் ஆண்கள் சாயங்காலம் காக்கு, அதாவது இறகுப்பந்து, அடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அங்கே ஒரு ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜெபசெல்வி நைட்டிமேல் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். ஊர் வாயைப் பிளந்தது, சாமியார் இருமினார். அவள் காதில் எதுவும் விழவில்லை. நண்டுக் கொடுக்கோடு பழகின கை, நெட் ஓரத்தில் வருகிற எதையும் தரையைத் தொட விடவில்லை. அதற்கப்புறம் அவளை வெளியே அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

ஜோடியாகச் சேர்ந்தவள் ஆர்த்தி. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் முனியம்மாளின் மகள். பத்தொன்பது வயசு, ஒல்லி, நல்ல உயரம், கூப்பிட்டால்தான் பேசுவாள். ஜெபசெல்வி முன்னால் நிற்பாள், ஆர்த்தி பின்னால் நின்று அடிப்பாள். ஊரில் ராக்கெட் பிடிக்கிற பெண்கள் இந்த இரண்டு பேர்தான். மூன்றாவதாக ஒருத்தி கிடையாது.

இங்கே ஆடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாயங்காலமானால் கடல்காற்று கிழக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். நேராக அடித்த காக்கு மேற்கே பறந்துவிடும். அதனால் கிழக்குக் கோட்டுக்கு வெளியே போகட்டும் என்றுதான் அடிக்க வேண்டும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும், தள்ளிக்கொண்டு வந்து உள்ளே போட்டுவிடும். நாலு வருஷமாக அப்படி அடித்து அடித்துக் கைக்கு அதுவே பழகிவிட்டது.

போன வாரம் பொன்னேரிப் பக்கம் ஒரு போட்டிக்குப் போனார்கள். கூரை போட்ட அரங்கம், பச்சை விரிப்பு, தலைக்கு மேலே விளக்கு. ஜெபசெல்விக்கு வாசலிலேயே புல்லரித்துவிட்டது. சாலமனின் டீசர்ட்டைப் போட்டுக்கொண்டு சீனாக்காரியைப் போலவே மோவாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். ஆட்டம் ஆரம்பித்தது. அடித்ததெல்லாம் வெளியே! ஒன்று விடாமல் கோட்டைத் தாண்டி விழுகிறது. உள்ளே காற்று ஏது? தள்ளிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள்? கைக்கு அது புரிந்தால்தானே. பாதி ஆட்டத்தில் ஜெபசெல்வி நடுவரிடம் போய், "சார், கெயக்கு எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டாள். அவர் முழித்தார். "ஃபேனாவது இருந்தா போடுங்க சார், புண்ணியமா போவும்" என்றாள். அரங்கமே சிரித்தது. முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினார்கள்.

ஆர்த்தி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது மீஞ்சூரில் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் ஜெபசெல்வியிடம் வந்தார். "நீங்க அந்தப் பொண்ணுக்கு அக்காவா? நல்ல கைம்மா அவளுக்கு. உள்ள ஆடிப் பழகினா ரெண்டு மாசத்துல சரியாயிடும். ஜெனிஃபர்னு எங்ககிட்ட ஒரு பொண்ணு இருக்கு, ஜோடி இல்லாம நிக்குது. மாவட்டப் போட்டிக்கு ரெண்டு பேரையும் சேத்து அனுப்பலாம். வர்ற திங்கக்கிழமை அனுப்பிவைங்க. பீஸெல்லாம் வேணாம். நீங்களே சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். ஜெபசெல்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பத்து நாலு வயசுக்காரியைப் பற்றி அவர் என்னத்தைச் சொல்வார்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தார்கள். திருப்பாலைவனம் வந்தது, போனது. ஜெபசெல்வி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் ஆர்த்தி கண்ணிலேயே படவில்லை, அது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்கும் மறுநாள் நண்டு நிறைய வந்துவிட்டது. காரணம் தேடினால் கிடைக்காமலா போகும்? ஆனால் உடம்பு காட்டிக்கொடுத்தது. கொட்டகைக்கும் குழாயடிக்கும் நடையாய் நடந்தாள். கட்டின நண்டையே அவிழ்த்து மறுபடி கட்டினாள். போனில் சீனாக்காரியைப் போட்டவள், புது ஜோடியோடு கைதட்டிக்கொள்கிற இடம் வந்ததும் படக்கென்று அணைத்துவிட்டாள்.

"இன்னாடி, பேய் புட்ச்சவ மாதிரி கீற?" என்றாள் சூசையம்மாள்.

"ஒண்ணுமில்ல, போ."

"ஆர்த்திப் பொண்ணு ஆட்டமே வேணாம்னு உட்டுட்டாளாமே? காலைல அவங்கம்மாகூட எறா தடவப் போச்சு. சண்டையா ரெண்டு பேருக்கும்?"

ஜெபசெல்வி கையிலிருந்த நண்டைக் கட்டாமலே கூடையில் போட்டுவிட்டு ஏரிக்கு ஓடினாள். கட்டாத நண்டு கூடைக்குள் என்ன அமளி செய்ததோ, சூசையம்மாள் அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டியது கரைவரைக்கும் கேட்டது.

முனியம்மாளும் மகளும் அப்போதுதான் கரை ஏறியிருந்தார்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிக்கிற வேலை. பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருக்க வேண்டும். ஆர்த்தி பறியை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். உதட்டோரம் சிவந்திருந்தது.

"ஏன்டி ஆட வர்ல?"

"என்னாலதானக்கா தோத்தோம். எல்லாம் நான் வெளிய அட்ச்சதுதான். உனக்கு எம்மா ஆசை இருந்துச்சு, எனக்குத் தெரியாதா? இனிமே நான் வர்ல. அம்மாக்குக் கைக்கு உதவியா இருந்தா போதும்."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ஜெபசெல்வி அங்கேயே நின்று, மாஸ்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் கொட்டினாள். ஜெனிஃபர், மாவட்டம், பீஸ் வேண்டாம் என்றது, நாளை திங்கட்கிழமை என்பது, எல்லாம்.

முனியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இத இன்னாத்துக்குமா இத்தினி நாளா சொல்லல?"

"பயம்தான் யக்கா. இவ போய்ட்டா நான் யார்கூட ஆடுவேன்? அதான் சொல்லல. பாவின்னு திட்டு, வாங்கிக்கிறேன்."

முனியம்மாள் திட்டவில்லை. பறியிலிருந்து இறாலைக் குண்டானில் கொட்டினாள். "போடி, போயி ரெண்டு பேரும் ஆடிட்டு வாங்க. நாளைக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸுன்னு கேட்டு வை" என்றாள் மகளிடம்.

கோயிலுக்குப் பின்னால் நெட் கட்டியிருந்தது. ஆண்கள் இன்னும் வரவில்லை. ஆர்த்தி ஈரத் துணி மாற்றிக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில், பின்னால் போய் நின்றாள். ஜெபசெல்வி முன்னால், நெட் ஓரம் நின்றாள். ஜோடியில் முன்னால் நிற்பவளுக்கு, பின்னால் இருப்பவள் அடிக்கிற அடியைப் பார்க்க வாய்க்காது. திரும்பினால் மண்டையில்தான் விழும். நாலு வருஷமாக ஆர்த்தியின் அடியைக் காதால் கேட்டதோடு சரி, எதிரே நின்று ஒரு நாளும் அவள் கண்டதில்லை.

"எதிர்ல ஆளே இல்லியேக்கா. யார்கூட ஆடுறது?"

ஜெபசெல்வி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். குனிந்து, நெட்டுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போனாள். ஒரு கணம் இரண்டு பேரும் வலைக்கண் வழியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஜெபசெல்வி, ஆர்த்தி ஓங்கி அடிப்பதற்கு வாகாக, இறகுப்பந்தை உயரத் தூக்கிப் போட்டாள்.