சந்தனம் பூசிய சோலார் பலகை

கங்கப்பனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் எழுந்துபோய் வேனின் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவான். தப்பித்தவறி உட்கார நேர்ந்தாலும் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அவன் கட்டிலில் கால் ஆட்டினால் சமையலறையில் பாத்திரம் கிலுகிலுக்கும் என்று அவன் மனைவி முனிலட்சுமி சொல்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், ஆனால் முழுப்பொய் இல்லை.

கெலமங்கலத்துப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம் அவனுடையது. நாற்று நட்டுவிட்டுக் காய்க்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவனிடம் இல்லை. ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். எங்கே மெஷின் நின்றாலும் ஓட வேண்டும், எந்த மெஷின் முன்னாலும் நாளெல்லாம் நிற்க வேண்டாம். அவனுக்கென்றே செய்துவைத்த வேலை அது.

குடியிருப்பு ஜூஜுவாடியில். வாசலில் ஒரு பழைய ஆம்னி வேன். லீவு கிடைத்தால் போதும், பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி அணைக்கோ காவிரிக் கரைக்கோ கிளம்பிவிடுவான். ஸ்டவ் பற்றவைத்து அங்கேயே சோறாக்கி, பின்சீட்டைக் கழற்றிப் பாய் விரித்து, வேனுக்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். கோயிலும் இல்லை, உறவுக்காரர் கல்யாணமும் இல்லை, சும்மா போய் ஆற்றங்கரையில் படுப்பதற்குப் பெட்ரோல் போடுகிற மனுஷனைத் தெருவே விசித்திரமாகப் பார்த்தது. அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

மகள் பிரவீனாவுக்கு ஏழு வயதில் மூச்சிரைப்பு வந்தது. டாக்டர் ஒரு மெஷின் வாங்கி வீட்டில் வைக்கச் சொன்னார். மருந்தைப் புகைபோல ஆக்கி மூக்குமூடி வழியாக உள்ளே அனுப்பும் நெபுலைசர். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் உடனே மாட்ட வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். ஆற்றங்கரையில் ஏது பிளக் பாயின்ட்? ஊர் சுற்றல் அன்றோடு நின்றது. வேனின் மேல் புழுதி படிந்தது. கூண்டில் போட்ட மாதிரி கங்கப்பன் மொட்டைமாடிக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

அப்புறம் 2008 வந்தது. வீட்டில் இருந்தாலும் கரண்ட் இல்லை என்கிற வருஷம். மாடியில் நின்றால் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியில் விளக்கு எரிவது தெரியும், இந்தப் பக்கம் கும்மிருட்டு. சில நாள் இது மாறியும் நடக்கும். கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் முனிலட்சுமி முதலில் மகளின் நெஞ்சில்தான் காதை வைத்துப் பார்ப்பாள்.

கங்கப்பன் பெங்களூர் போய் ஒரு சோலார் பலகை வாங்கி வந்தான். இரும்புப் பெட்டி ஒன்றை வெல்டிங் வைத்து, உள்ளே பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் நட்டுப் போட்டு இறுக்கி, மேலே கைப்பிடி வைத்தான். வெயிலில் பலகையைச் சாய்த்து ஒயரைச் செருகினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். சார்ஜ் நிறைந்தால் பச்சை. ஆகஸ்டில் மூவருமாக அணைக்குப் போனார்கள். தண்ணீர்க் காற்றில் பிரவீனாவுக்கு மூச்சு இழுத்தது. பெட்டியில் நெபுலைசரைச் செருகினான், அது உறுமிக்கொண்டு ஓடியது. பிள்ளை வேனுக்குள்ளேயே தூங்கிப்போனாள். அவனுக்கு அழுகை வந்தது. எழுந்துபோய் டயரைத் தட்டிப் பார்த்தான்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி நான்கு நாள் லீவு விட்டது. பூஜைக்கு மறுநாள் விடிவதற்குள் காவிரிக்கரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் லேத்திலிருந்து லாரிவரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை உண்டு. பூஜையில் வைத்த சாமானுக்கு அன்று ஓய்வு. மறுநாள்தான் தொட வேண்டும்.

பூஜைக்கு முந்தின சாயங்காலம் பக்கத்து வெல்டிங் பட்டறைத் திம்மராயன் ஓடி வந்தான். சீரியல் செட் விளக்கெல்லாம் கட்டி முடித்த நேரத்தில் கரண்ட் போயிருந்தது.

"கங்கண்ணா, உன் பொட்டிய கொஞ்சம் குடுண்ணா. பட்டறையே இருட்டா கெடக்குது."

"கொஞ்சம் என்ன கொஞ்சம்? இருக்கறதெல்லாம் போடு!"

பட்டறை வாசல் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக மின்னியது. ஸ்பீக்கர் வேறு பாடியது. தெருவே வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனது. கங்கப்பன் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். சார்ஜ் இறங்கினால் என்ன, நாளைக்கு ஒரு பகல் வெயில் இருக்கிறதே என்பது அவன் கணக்கு.

மறுநாள் காலையில் முனிலட்சுமி சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், மிக்ஸி எல்லாவற்றையும் அடுக்கினாள். சோலார் பலகையைத் தன் கையாலேயே அலங்கரித்தாள். குறுக்காக மூன்று விரல் சந்தனப் பட்டை, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், மேலே சாமந்திச் சரம். கற்பூரம் காட்டி முடித்ததும் கங்கப்பன் பலகையைத் தூக்கினான்.

"ஏங்க, அதை எங்க தூக்கறீங்க? இன்னிக்கு ஒருநாளு சும்மா இருக்கக் கூடாதா அதுவும் நீங்களும்?"

"சூரிய பகவானுக்கு லீவு உண்டா, சொல்லு? அவரே வேலைக்கு வந்துட்டாரு. பொட்டி வராட்டி எப்படி?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வெச்சுக்கோங்க. ஆனா சந்தனத்தத் தொடச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன். நம்ம புள்ளைக்கு மூச்சு குடுக்கற சாமி அது."

பலகை விற்ற கடைக்காரன், நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். மரத்து நிழல், சுவர் நிழல் என்றுதான் கங்கப்பன் அதைப் புரிந்துகொண்டான். சாமிக்குப் போட்ட பட்டை எப்படி நிழலாகும்? அப்படியே தோன்றினாலும் துடைக்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? அலங்காரம் கலையாமல் பலகையை மாடியில் சாய்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்தான். ஏறத்தான் செய்தது, குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிற மாதிரி. பகலெல்லாம் ஸ்டவ், பாய், அரிசி என்று வேனில் ஏற்றிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் பெட்டியையும் பலகையையும் கீழே இறக்கியபோதும் விளக்கு என்ன நிறம் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் வேனுக்குப் பூஜை. தெரு நெடுக வண்டிகள், தெரு நெடுகச் சாம்பிராணி. பூசணிக்காய் உடைபட்டது. புகை மேகமாக வந்து வாசலில் இறங்கியது. பிரவீனா ஒருமுறை இருமினாள். பிறகு இருமவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் தொண்டைக்குழி உள்ளே இழுத்துக்கொள்வதை முனிலட்சுமி பார்த்த அதே நேரத்தில் கரண்ட் போனது.

கங்கப்பன் பதறவில்லை. இதற்குத்தானே பெட்டி? பிள்ளையை உள்ளே தூக்கிப்போய்ச் சன்னலருகே உட்காரவைத்து, மருந்தை ஊற்றி, மூக்குமூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டான். நெபுலைசர் உறுமியது. வெள்ளைப் புகை எழுந்தது. இரண்டு மூச்சு. பெட்டி கீச்சென்று கத்தியது. எல்லாம் நின்றது.

அவன் சுவிட்சை அணைத்துப் போட்டான். மறுபடி கீச். மறுபடி. பேட்டரி காலி என்பது புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திம்மராயன் பட்டறையில் நேற்று மின்னிய விளக்குகள் எல்லாம் கண்முன் வந்தன. தெருவுக்கு வெளிச்சம் காட்டிப் பெருமை பீற்றியவன் வீட்டில் பிள்ளைக்கு மூச்சில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க!"

வாசலுக்கு ஓடினான். பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகிற ஜனமெல்லாம் தெருமுனை ஹைவேயில் நின்றது. பஸ்ஸும் காரும் பின்விளக்கு எரிய, ஒன்றும் நகரவில்லை. ஓசூர் போய்ச் சேருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். திரும்பி உள்ளே ஓடினான். வாழ்நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேன் கண்ணில் பட்டது. வேனில் ஒரு பேட்டரி இருக்கிறது. பெட்டியிலிருந்து இன்வெர்ட்டரைக் கழற்றி அதில் மாட்டினால் போதும். கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் சாமி முன்னால் இருந்தது, சந்தனமும் பூவுமாக.

பூஜை அறை வாசலில் நின்றுவிட்டான். பெட்டியை வெயிலில் வைத்தது வேறு, பூஜையில் இருக்கும் ஆயுதத்தை அன்றைக்கே எடுப்பது வேறு. ஏற்கெனவே சாமியோடு விளையாடியதற்குத்தான் இது தண்டனையோ என்று பயந்தான்.

முனிலட்சுமி அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். வருஷத்துக்கு இத்தனை விரதம் என்று பிசகாமல் இருப்பவள் அவள். தட்டு உருண்டது, பூ சிதறியது. ஸ்பேனரை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"புடிங்க. புள்ளையவிடச் சாமிக்கு இந்த இரும்பா பெருசு? கோச்சுக்கிட்டா என்கிட்ட கோச்சுக்கட்டும். கழட்டுங்க!"

சந்தனத்தில் ஸ்பேனர் வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு நட்டுகளைக் கழற்றினான். சத்தம் கேட்டு ஓடி வந்த திம்மராயன் டார்ச் பிடித்தான். ஒயர் வீட்டுக்குள் எட்டாது. தெருவில் புகை அடங்கியிருந்தது. பிள்ளையை வேனுக்குள் தூக்கி வந்தார்கள். வேன் பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டினான். நெபுலைசர் உறுமியது. இந்த முறை நிற்கவில்லை.

கங்கப்பன் மகளை மடியில் வைத்து மூக்குமூடியைப் பிடித்துக்கொண்டான். ஒரு மூச்சு, அடுத்த மூச்சு, அதற்கடுத்தது. தொண்டைக்குழி மெல்ல மெல்ல நிறைந்தது. மருந்து தீர்ந்தது. கரண்ட் வந்து தெரு முழுக்கச் சீரியல் விளக்கு எரிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. பிரவீனா மூக்குமூடியை நகர்த்தி அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, காலு ஆடல."

அவன் அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான்.

"நாளைக்குப் போக வேணாம்" என்றான் மனைவியிடம். "இனிமே எங்கயுமே போக வேணாம்."

முனிலட்சுமி சிதறிய பூவைப் பொறுக்க வீட்டுக்குள் போனாள்.

காலையில் அவன் கண்விழித்தபோது அவள் மாடியில் இருந்தாள். பெட்டியும் பலகையும் அங்கே ஏறியிருந்தன. ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தனம் முழுக்கப் போய்க் கண்ணாடி பளபளத்தது. பிறகு இரும்புச் சட்டத்தின் மூலையில், கண்ணாடியில் படாமல், மிளகு அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

"கடைக்காரன் சொன்ன நெழலு நான் போட்ட பட்டதான். ஓரமா இருந்தாலும் சாமி சாமிதான்" என்றாள். "அந்த இன்வெர்ட்டர மறுபடி பொட்டில மாட்டுங்க. இனிமே இது என் பொறுப்பு. பச்ச வெளக்கு வந்தாத்தான் வண்டி நகரணும். ஊருக்கு எரவல் குடுக்கற வேலையெல்லாம் ஆகாது."

"போகத்தான் போறமா?"

"புள்ள ராத்திரியே பைய எடுத்து வெச்சுட்டா. அவளுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?"

அவன் இன்வெர்ட்டரை மாட்டினான். ஒயரைச் செருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. வழக்கம்போல வேனைப் பார்க்கக் கீழே கிளம்பினான்.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்றாள்.

கங்கப்பன் பலகைக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தான். பிரவீனா வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அதற்கு ஓர் அவசரமும் இல்லை. பச்சை வரும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.