ஷார்ஜாவிலிருந்து அபுதாபிக்கு ஒரு ஓட்டு

2005 கோடையில் அபுதாபி போய் வந்த கதை இது. ஊர் சுற்றப் போகவில்லை, ஒரு ஓட்டைத் தபாலில் சேர்க்கப் போனோம். அதுவும் என் ஓட்டு இல்லை, ஷொசேவுடையது.

ஷொசே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாக்காரர். அங்கே தொழிற்சங்கத்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குட்டி இடதுசாரிக் கட்சி, கலீசியாவைக் கலீசியர்களே ஆளவேண்டும் என்கிறது. இவர் அதன் உறுப்பினர். “இதுவரை எத்தனை சீட்?” என்று கேட்டேன். “ஒன்றுகூட இல்லை” என்றார், என்னவோ சாதனை மாதிரி.

இங்கே வீட்டுக்குத் தபால் வராது, கம்பெனியின் தபால் பெட்டிக்குத்தான் வரும். எங்கள் பெட்டி இருப்பது அபுதாபி ஹெட் ஆபீசில். அவருடைய ஓட்டுச்சீட்டு வந்திருக்கும் தகவல் வியாழன் காலையில்தான் தெரிந்தது. அன்றுதான் கடைசி நாள், அன்றைய முத்திரையோடு பதிவுத் தபாலில் போனால்தான் ஓட்டு செல்லும். தபால் நிலையக் கவுன்ட்டர் மதியம் ஒரு மணிக்கு மூடிவிடும். வழி தெரிந்தவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஷார்ஜாவில் ஷேர் டாக்ஸி, ஆளுக்கு முப்பது திர்ஹம், சுமார் 170 கிலோமீட்டர். ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். நாங்கள் ஐந்து பேர்தான். நாங்கள் இருவர், ராமநாதபுரம் முருகேசன், இரண்டு மலையாளிகள். அரை மணி நேரம் வெயிலில் வெந்தோம். திடீரென்று ஷொசே எழுந்து, “காலி சீட்டுக்கு ஆளுக்கு ஆறு திர்ஹம் கூடுதல். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்” என்றார். ஐந்து கைகளும் உயர்ந்தன. பெஷாவர்க்கார டிரைவர் பதறிப்போய், “பாய், யூனியன் மாஃபி! யல்லா, ஜல்தி பைட்டோ!” என்றார். யூனியன் எல்லாம் இங்கே கிடையாது, சீக்கிரம் ஏறி உட்காருங்கள் என்று அர்த்தம்.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க். டீ குடிக்கலாம் என்றார் முருகேசன். பொறுக்குமா ஷொசேவுக்கு, அதற்கும் கை தூக்கச் சொன்னார். டீக்கு நான்கு ஓட்டு. அதில் ஒன்று என்னுடையது. டீ என்றால் என் கை தானாக எழுந்துவிடும், என்ன செய்ய?

மணி பதினொன்றரை. அவர்கள் டீயோடு பரோட்டாவும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். “அவசரத்தைச் சொல்லுங்களேன்” என்றேன் ஷொசேவிடம். “தோற்றவன் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட வேண்டும். எங்கள் சங்கத்தில் அப்படித்தான். தோற்றுப் பழக்கம்தான்” என்று சிரித்தார். கண் மட்டும் கடிகாரத்திலேயே இருந்தது. பாவமாகிவிட்டது. நானே எல்லோரிடமும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

“ஒரு ஓட்டுக்கா இந்தப் பாடு?” என்று முருகேசன் வாயைப் பிளந்தார். “நம்ம ஓட்ட ஊர்ல எவனோ போட்டுட்டுப் போறான். இந்த மனுசனாவது போடட்டும்ணே. பரோட்டாவ பார்சல் கட்டச் சொல்லு, டீய வண்டியில குடிச்சுக்குவோம்.” மறுபடி கை தூக்கினோம். ஐந்துக்கு ஐந்து. வண்டி வேகமெடுத்ததும் ஆறாவதாக டிரைவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தூக்கினார், நாங்கள் அலறினோம்.

ஹெட் ஆபீசில் சீட்டை வாங்கி, மாடிப்படியிலேயே உறையில் போட்டு ஒட்டி, 12.50க்குக் கவுன்ட்டரில் கொடுத்தார். முத்திரை விழுந்த சத்தத்துக்கு நான் கைதட்டிவிட்டேன். கவுன்ட்டர்க்காரர் முறைத்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை எட்டு மணிக்குள் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை ஆபீஸ் வேலையை நம்பாதீர்கள், அரை நாள்தான். பங்க் பரோட்டா தாராளமாகச் சாப்பிடலாம்.

தேர்தல் முடிந்து ஷொசே ஷார்ஜா முவைலாவில் இருந்த என் ரூமுக்கு வந்தார். இந்த முறையும் சீட் இல்லை. அவர் ஊர் ஓட்டுச்சாவடியில் கட்சிக்கு ஒன்பது ஓட்டு. “எட்டுப் பேர் யாரென்று ஊருக்கே தெரியும். ஒன்பதாவது யாரென்றுதான் தேடுகிறார்களாம்” என்று குலுங்கிச் சிரித்தார்.

“உங்களுடையது என்று சொல்ல வேண்டியதுதானே?”

“என்னுடையது எப்படி ஆகும்? டாக்ஸியில் ஐந்து பேரும் கை தூக்கினோமே.”

வளைகுடாவுக்கு வந்த ஆறு வருடத்தில் நான் போட்ட ஒரே ஓட்டு அதுதான்.