ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்

அனுமந்தன்பட்டிக்கு மேற்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் ராமுத்தாயின் டீக்கடை. பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். முழுதும் கேட்டால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

எப்போதும் சார்ஜ் ஏறியிருக்கிற, காசு தீராத போன் எங்கள் தெருவில் ராமுத்தாயிடம்தான் இருந்தது. கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, எதற்குக் கேட்டாலும் எல்லோரும் அவள் நம்பரையே கொடுத்தார்கள். "ஏத்தா பாண்டீஸ்வரி, ஒனக்கு ஓடிபி வந்திருக்கு" என்று கடையிலிருந்தே கத்துவாள். பாண்டீஸ்வரி ஈரக்கையோடு ஓடி வருவாள். இதில் என்ன கெட்டுப்போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் அதே நம்பர்தான். அன்றிலிருந்து தெருவின் நோயெல்லாம் அவள் இடுப்பில் செருகிய போனுக்கு வர ஆரம்பித்தது. யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரியும். ராமுத்தாய் வாய்க்காரி. ஆனால் இதில் மட்டும் வாயைத் திறந்ததில்லை. அவள் நல்லவளாக இருந்ததால் தெரு தப்பித்தது. நம்பரை வாங்கிப் பதிந்தவர்களுக்கு அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்கும் கிடையாது.

ஜோதிலட்சுமியின் மகள் அனுசுயா தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். இருமல் விடவில்லை. காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது தாய்க்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஒருநாள் உத்தமபாளையம் பஸ் போன பிறகு ராமுத்தாயின் போன் அடித்தது. எடுத்தால், பதிவு செய்த ஒரு பெண் குரல்: "வணக்கம் அனுசுயா. இன்று காசநோய் மாத்திரை சாப்பிட்டீர்களா? சாப்பிட்டிருந்தால் ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால் இரண்டை அழுத்தவும்."

ராமுத்தாய் பதறிப்போனாள். கடையில் இருப்பவர்கள் காதில் விழுந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? சட்டென்று ஒன்றை அழுத்தினாள். குரல் நன்றி சொல்லிவிட்டு அடங்கியது. தினமும் அதே நேரத்துக்கு வந்தது. தினமும் அவள் ஒன்றை அழுத்தினாள். சின்னப்பிள்ளை, ஒழுங்காகச் சாப்பிடாமலா இருப்பாள் என்று நினைத்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஊர் டீக்கடைக்கு வருவார்கள். அவர்கள் டீக்காக வரவில்லை என்பது டீ ஆற்றுபவருக்கும் தெரியும். வடுகபட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் கர்ணன் வந்தார்.

"ஜோதிலட்சுமி மக எப்படித்தா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

ராமுத்தாயின் கை தன்னையறியாமல் இடுப்புப் போனைத் தொட்டது. ஆற்றிய டீயையே மறுபடி ஆற்றினாள். "தங்கமான புள்ளைங்க" என்றாள் பிறகு.

"அதச் சொல்ல இம்புட்டு நேரமாத்தா?" என்றார் கர்ணன். பாதி டீயை வைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டிலிருந்து பிறகு ஒருவரும் வரவில்லை.

விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று அனுசுயாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று மாத்திரை வாங்கப் போவதையே நிறுத்திவிட்டாள். வெறும் இருமல் மருந்தில் நாளை ஓட்டினாள். அவளைத் தேடி யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? கணினியில் அவள் தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாரல் மாதத்தில் அவள் செத்துப்போனாள். மஞ்சள்காமாலை என்று ஜோதிலட்சுமி சொன்னாள், ஊர் நம்பியது.

போன் மட்டும் நிற்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாளும் அனுசுயாவுக்கு வணக்கம் சொன்னது. பஸ் சத்தம் தேயத் தேய ராமுத்தாயின் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் திரும்ப மாட்டாள். இப்போது அவள் எதையும் அழுத்துவதில்லை. குரல் கேட்டு முடிக்கும்வரை காதோடு வைத்திருப்பாள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் புது மருத்துவ அட்டைக்காகச் சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம் போட்டார்கள். எப்சிபா என்ற அதிகாரி தேனியிலிருந்து வந்திருந்தார். உங்கள் விவரமெல்லாம் பத்திரமாக இருக்கும், குறையிருந்தால் சொல்லுங்கள் என்றார்.

ராமுத்தாய் எழுந்தாள். "செத்தவுகளுக்கு எம் போன்ல கூப்பாடு வருதுங்க."

சிலர் சிரித்தார்கள். எப்சிபா சிரிக்கவில்லை. "யாருக்கும்மா? பேர் சொல்லுங்க, இப்பவே எடுத்துடுறேன்" என்று மைக்கை நீட்டினார்.

பெண்கள் வரிசையில் ஜோதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். ராமுத்தாய் அதைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் யோசிக்கவேயில்லை. "பேரு சொல்ல மாட்டேன். இத்தன பேருக்கு முன்னால பேரக் கேக்காதீக. ஒருத்தர் நோவு இன்னொருத்தர் போனுக்கு வரக்கூடாது. அத மொதல்ல எழுதுங்க."

எப்சிபா மைக்கைத் தாழ்த்திவிட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் பஸ் போன பிறகு ஜோதிலட்சுமி கடைக்கு வந்தாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகப் பார்த்த என்னை, "இருத்தா, இனிமே மறைக்க என்ன இருக்கு" என்று ஜோதிலட்சுமி உட்காரவைத்தாள். ராமுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தெனமும் ஒண்ண அமுக்கினது நாந்தான் மதினி. நல்லதுன்னு நெனச்சேன். பாவி நாந்தான்."

போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடு மதினி. எம் புள்ள பேர வாய்விட்டுச் சொல்றது இப்ப அது ஒண்ணுதான்" என்றாள் ஜோதிலட்சுமி.

குரல் அனுசுயாவுக்கு வணக்கம் சொன்னது. மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டது. ஜோதிலட்சுமி விரலை நீட்டி, தேடிப் பார்த்து, இரண்டை அழுத்தினாள்.

"சுகாதாரப் பணியாளர் விரைவில் உங்களை நேரில் வந்து பார்ப்பார்" என்றது போன்.

மூன்று பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.