பீமன் உருட்டிய கவளம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். அச்சுக்கோக்கிறவர் திருத்திப் போட்டால் புண்ணியம்.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், பரளச்சிக்குத் தெற்கே வேலங்காட்டு ஓரத்தில் இருந்த எங்கள் குலசாமியைக் காணவில்லை. கோயில் கிடையாது, எண்ணெய் ஏறிக் கறுத்த உருண்டைக் கல். அப்போது என் மகளுக்கு மூன்று வயது முடியப்போகிற சமயம். அதற்குள் சாமி முன்னால் கிடாய் வெட்டி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தவேண்டும். வேறு இடத்தில் குத்தவிட மாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

பருத்தி விற்க அருப்புக்கோட்டை போன என் மைத்துனன்தான் சாமியைக் கண்டுபிடித்தான். அங்கே ஒரு பெரிய வியாபாரி தன் பங்களாக் கூடத்தில் புராணப் பழம்பொருள் காட்சிசாலை திறந்திருந்தார். ஊர் ஊராக வண்டி கட்டிப் போய் அள்ளி வந்தவை. மைத்துனன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

முதலாளியே பிரம்பால் தொட்டுக்காட்டி விளக்கினார். நெற்றி நிறைய விபூதி, முட்டைகூடத் தொடாதவர். சீதை அரைத்த அம்மி இருந்தது. லட்சுமணன் கோடு கிழித்த அம்பு இருந்தது, அச்சாக மாடு ஓட்டும் தார்க்குச்சிபோல. பாஞ்சாலியின் சீப்பு என்று ஒன்று. பதின்மூன்று வருஷம் கூந்தல் முடியாத அம்மாளுக்குச் சீப்பு எதற்கு என்று கேட்க நினைத்தேன். புது ஆட்களிடம் எனக்கு வாய் வராது.

கடைசி மேஜையில், சிவப்புத் துணிமேல் எங்கள் சாமி. முன்னால் அட்டை: ‘பகாசுரனுக்குப் போன சோற்றில் பீமன் உருட்டிய கவளம். காலப்போக்கில் கல்லானது.’

மைத்துனன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இது எங்க சாமி, திருப்பித் தாருங்கள் என்று கேட்டான். முதலாளி கோபப்படவில்லை. பழம்பொருள் பத்திரமாக இருக்கவேண்டும், வெயிலிலும் மழையிலும் கிடக்கக்கூடாது என்றார். எங்கள் பக்கத்து மழையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லைபோலும்.

“கும்புடத்தான வேணும்? இங்கன வந்து கும்புட்டுக்கங்கப்பா. யாரு வேணாங்குறா?” என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பிள்ளைக்குக் காது குத்தினால் போதும். துணிந்து வாயைத் திறந்தேன்.

“சரிங்க முதலாளி. வார வெள்ளிக்கெழம சனத்தக் கூட்டிக்கிட்டு வாரோம். கெடாவ எங்கன வெட்டுறது? இந்தத் தூணுகிட்டயா, வாசல்லயா?”

கேலியாகக் கேட்கவில்லை. இடம் தெரிந்தால்தானே ரத்தம் வடிய மணல் கொண்டுவரலாம்?

முதலாளி தூணைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரனைக் கூப்பிட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் பீமனின் கவளம் பரளச்சி போய்ச் சேர்ந்தது. வண்டியும் அவருடையதுதான். “ஒங்களுக்குள்ள இம்புட்டு வெவரமா மச்சான்!” என்று மைத்துனன் வழியெல்லாம் மெச்சினான். இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை காது குத்தினோம். பிள்ளை தாய்மாமன் கையைக் கடித்துவிட்டாள். அத்தனை நாள் சாமிக்கு நிழல் கொடுத்த முதலாளிக்கும் பங்கு உண்டு என்று கிடாய்த் தலையை அனுப்பக் கிளம்பிய மைத்துனனைத் தடுத்து, தேங்காய் பழம் கொடுத்தனுப்பினேன்.

பழத்தை வாங்கிக்கொண்ட முதலாளி, உங்கள் ஊர்ப்பக்கம் யாரும் கும்பிடாத கல்லாக ஒன்று பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கும்பிடாத கல்தான் அகப்படமாட்டேன் என்கிறது.

சர்வதாரி வருஷம், ஆவணி 3.