விரல் படாத உருக்கு

இது கற்பனையன்று. பட்டப்பகலில் எனக்கு நிகழ்ந்தது. ஐயுறுவோர் என் இடக்கையை நேரில் வந்து பார்க்கலாம்.

ஐம்பத்தோராம் வயதில் உலோக வேலை கற்கச் சென்றவன் நான். பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில், இரயில் பாதையை ஒட்டிய பழைய பயிற்சிக்கூடம் அது. அதை நிறுவியவர் ஓர் அமெரிக்கர். தம் நாட்டின் தொடக்ககாலத் தொழிற்பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்றவர். அங்கே மாணவர் காலையில் பட்டறையில் உழைப்பர். மாலையில் சாம்பல் நிறக் கம்பளிச் சீருடை அணிந்து, துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பர். அம்முறையையே அவர் இங்கும் நடத்தினாராம். இன்று அணிவகுப்பு இல்லை. அரம் மட்டுமே எஞ்சியுள்ளது.

அரவேலைக்கு ஒரு முதல்விதி உண்டு. அராவிய பரப்பை விரலால் தொடலாகாது. தோலின் எண்ணெய் பட்டால் அரம் வழுக்கும், பரப்பு கெடும்.

திங்கட்கிழமை என் உருக்குத் துண்டைத் தேர்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பரப்பு சமமாயிருப்பின் புறநகரான ஸ்தேனில் பட்டறை வேலை. இன்றேல் மீண்டும் உணவகத்தில் கோப்பை கழுவும் தொட்டி. மீண்டும் பிறர் எச்சில்.

சனிக்கிழமை பிற்பகல். துண்டின்மீது நான்கு விரற்கறைகள். மஞ்சள் நிறம். ஊசிப்போன மாட்டுக்கொழுப்பின் நாற்றம்.

“அண்ணை, ரோல்ஸ் சாப்பிட்டிட்டுக் கை கழுவேல்லையோ?” என்றாள் பக்கத்து மேசையில் பயிலும் ஷிரோமி.

“நான் தொடேல்லை, பிள்ளை.”

“அப்ப இரும்பு தானா வேர்த்ததோ?”

துடைத்தேன். அரத்தை எடுக்கத் திரும்பினேன்.

மீண்டும் நான்கு கறைகள்.

ஆசிரியர் ரேமண்ட் புதுச்சேரிக்காரர். உருப்பெருக்கியால் பார்த்து முகம் சுளித்தார்.

“முசியே கரிகாலன், இது உங்க விரல் இல்ல. ரேகையே காணோமே.”

தொலைபேசி ஒலிக்க, அவர் உள்ளே போனார். ஷிரோமி தேநீர் வாங்கச் சென்றாள். நான் கறைகளைத் துடைத்துவிட்டு மீண்டும் அராவத் தொடங்கினேன்.

சுவருக்கு அப்பால் காலணிகளின் ஓசை. தட்... தட்... தட்...

அப்பால் தண்டவாளம் மட்டுமே உண்டு.

ஆங்கிலத்தில் ஓர் அதட்டல். ஓசை நின்றது.

ஈரக் கம்பளியின் வீச்சம்... மிக அருகில்.

அரத்தின் நுனியை அழுத்தியிருந்த என் இடக்கைமேல் இன்னொரு கை படிந்தது. குளிர்ந்த கை. விரல்நுனிகளில் தோல் இல்லை. பிசுபிசுவென்ற சதை.



அரம் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை.

முன்னே... பின்னே...

கையை இழுத்திருக்கலாம்.

பரப்பு சமமாகிக்கொண்டிருந்தது.

இழுக்கவில்லை.

எல்லாம் ஓய்ந்தபின் நேர்ச்சட்டத்தைத் துண்டின்மேல் நிறுத்தி, ஒளிக்கு எதிரே பிடித்தேன். இடையில் ஓர் ஒளிக்கீற்றும் கசியவில்லை; முற்றும் சமம்.

திங்களன்று தேறினேன். அன்று ரேமண்ட் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “முன்ன இருந்த வாத்தியார் சொன்னது. அந்தக் காலத்துல இங்க பரப்பைக் கையால தொட்டா, அணிவகுப்புல எல்லார் எதிர்லயும் விரல் நுனிய அரத்தால ராவுவாங்களாம். ஒருத்தன் சீழ் புடிச்சே செத்தானாம்.”

மறுமாதம், வதிவிட அட்டையைப் புதுப்பிக்கப் பொபினியிலுள்ள பிரிபெக்த்தூர் அரசு அலுவலகத்துக்குச் சென்றேன். கைரேகை பதியும் கண்ணாடியில் இடக்கையின் நான்கு விரல்களை வைத்தேன். இயந்திரம் ஏற்கவில்லை.

“துடைத்துவிட்டு வையுங்கள், முசியே,” என்றார் அலுவலர்.

துடைத்தேன். வைத்தேன்.

ஏற்கவில்லை.

அலுவலர் கண்ணாடியின்மேல் குனிந்தார். உடனே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்.

நான்கு மஞ்சள் கறைகள். ரேகை ஒன்றுமில்லை.