மாதிரிக்கு எடுத்துப்போன டாப்பெட்

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு டாப்பெட் தேர்ந்தெடுத்தவள் நான். அதுவும் இரண்டு முறை. இன்றைக்கும் அதை நினைத்தால், எந்த முறை செய்தது சரி, எந்த முறை செய்தது தப்பு என்று எனக்கே குழம்பிப்போகிறது.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, மாமியார் வீட்டுக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்பவர். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரே நெசவாளி. பலர் கை மாறி வந்த பழைய வண்டிதான். ஆனால் அதைத் துடைக்கிற அக்கறையில் கால்பங்கு என் மேல் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அமாவாசை அன்று எங்களில் யாரும் தறியில் உட்கார மாட்டோம். மாதத்தில் அந்த ஒரு நாள் அவர் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூரத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே என் அம்மா தனியாக இருந்தாள். முழங்கால் வீங்கி, வாசற்படி தாண்டுவதே அவளுக்குப் பெரும்பாடு. நான் போய்ப் புடவைகளைத் துவைத்துப் போட்டு, அடுத்த மாதத்துக்குத் தேவையானதை எடுத்துவைத்து, வாய் வலிக்கிற வரைக்கும் பேசிவிட்டு வருவேன்.

பஸ் இல்லையா என்றால் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் என் வீட்டுக்காரருக்குக் குமட்டும். தெருமுனை தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். நான் மட்டும் போகலாம் என்றால், கையில் பையோடு தனியாக வந்து இறங்குகிற பெண்ணைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்றுதான். அதைக் கேட்டு அம்மாவே அழுது தீர்த்துவிடுவாள். ஆகவே வண்டி இருந்தால் எனக்கு அம்மா உண்டு, வண்டி போனால் அம்மாவும் இல்லை.

அந்த வருடம் வண்டி டக் டக் டக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம் இருந்தும் அதை மீறிக் கேட்டது. தெருக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்த மானக்கேடு எனக்கு எதுக்கு? வித்துத் தொலைச்சிடறேன்" என்றார்.

சொன்னதோடு நிற்காமல், பக்கத்து ஊரில் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவரையும் வரச்சொல்லிவிட்டார். அவர் வந்து வண்டியை உதைத்துக் கிளப்பினார். காதைத் தேய்த்துக்கொண்டார்.

"சத்தம் நின்னா சொல்லியனுப்புப்பா. கண்ணை மூடிக்கினு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரர் முறுக்கிக்கொண்டார். "சத்தம் நின்னா நானே வெச்சிக்குவேன். இவனுக்கு எதுக்குக் குடுக்கறேன்?"

நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, டாப்பெட் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றான். விரல் நீளத்தில் இரண்டு இரும்புத் துண்டுகள். ஒரு முனையில் சின்னப் பாதம் மாதிரி அகலமாக இருந்தது. உள்ளே சுற்றுகிற ஏதோ ஒன்று அந்தப் பாதத்தைத் தூக்கிவிட, இது மேலே இருக்கிற கம்பியைத் தூக்கிவிட, கம்பி வால்வைத் திறக்குமாம். ஒன்று பெட்ரோல் வருகிற வழிக்கு, இன்னொன்று புகை போகிற வழிக்கு. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

மெக்கானிக்கை வாங்கச் சொன்னால் கமிஷன் அடிப்பான் என்று என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். அவர் போகலாமென்றால் முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றது, தறியை விட்டு எழுந்திருக்க முடியாது.

"நீ போய் வாங்கிக்கினு வா. மாதிரி புடிக்கிற கண்ணு உனக்குத்தானே இருக்குது" என்றார்.

அது உண்மைதான். சாயம் போட்ட பட்டில் கொஞ்சம் குறைந்துபோனால், மாதிரிக்கு ஓர் இழையைக் கையில் சுற்றிக்கொண்டு சாயக்காரரிடம் போவது நான்தான். வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பேன். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன். வேறு சாயம் கலந்தால் புடவையின் குறுக்கே கோடு விழுந்துவிடும். எங்கள் பிழைப்பில் மாதிரிதான் நீதிபதி. மாதிரியோடு ஒத்துப்போனால் நல்லது, ஒத்துப்போகாவிட்டால் கெட்டது.

பழைய டாப்பெட் இரண்டையும் ஒரு பட்டுத் துண்டில் முடிந்துகொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் புதிதாக நாலைந்தை எடுத்து மேஜையில் வைத்தார். நான் ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப்போய் மாதிரியோடு சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை. எல்லாம் கொஞ்சம் உயரம் கூடுதல். மாதிரியின் பாதத்தில் அழகாக ஒரு குழி இருந்தது, இவற்றில் குழியே இல்லை.

"இது ஒத்து வரல பாய்."

"அதே வண்டிக்குத்தாம்மா இது. நம்பி எடுத்துக்கினு போ."

"உயரம் ஏறுது. குழி இல்ல. எனக்குத் தெரியாதா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேறு எதையோ என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அலுத்துப்போய், உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றிய சாமான்கள் கிடந்த ஒரு தகர டப்பாவை என் முன்னால் நகர்த்தினார். "நீயே பாத்துக்கம்மா."

அரைமணி நேரம் கிளறினேன். விரலெல்லாம் கறுப்பு. கிடைத்தது பாருங்கள் ஒரு ஜோடி! அதே உயரம், அதே குழி, குழியில் அதே மினுக்கல். என்னைப்போல மாதிரி பிடிக்க இந்தக் காஞ்சிபுரத்தில் ஆள் இல்லை என்ற பெருமையோடு ஷெட்டுக்கு நடந்தேன்.

மெக்கானிக் முடிச்சை அவிழ்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் கையைப் பார்த்தான். அப்புறம் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்து சிரித்தான்.

"அக்கா, அந்தக் குழிதான் வியாதியே. தேஞ்சி தேஞ்சி விழுந்த குழி அது. இன்னொரு வண்டியோட வியாதியத் தேடிப் புடிச்சி வாங்கிக்கினு வந்துக்கிறீங்க!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதிரி தப்பாக இருக்கும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? மாதிரியே கெட்டது என்றால் எதை வைத்து நல்லதைப் பிடிப்பது? வீட்டில் சொல்லிவிடாதே என்று அவனைக் கெஞ்சிவிட்டு வந்தேன்.

மறுநாள் மறுபடியும் பாய் கடை. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷன். புதுசில் இரண்டு வகை எடுத்துவைத்தார். ஒன்று சீமையில் செய்தது, ஒன்று இங்கே செய்தது. இரண்டும் பொருந்தும் என்றார். கையில் மாதிரி இல்லாமல் நிற்பது, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு நிற்பது மாதிரி இருந்தது. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

அங்கே நிற்கும்போதுதான் மில்காரர் ஞாபகம் வந்தது. சத்தம் நின்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றவர் அவர். சத்தம் நின்றால் வைத்துக்கொள்கிறேன் என்றவர் என் வீட்டுக்காரர். சத்தம் நிற்காவிட்டால் வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் அது ஒருநாள் வழியில் படுத்துவிடும். அப்படியானால் நான் நல்லதை வாங்கவேண்டுமா, சுமாரானதை வாங்கவேண்டுமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா முகம்தான் வந்தது. தலை சுற்றியது.

கடைசியில் என் கை தானாகவே வேலையைப் பார்த்தது. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு டாப்பெட்டின் பாதங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, வெயிலில் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். ஒரு ஜோடியில் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. இன்னொன்றில் துளியும் தெரியவில்லை. அந்த இரண்டாவதை எடுத்தேன். மட்டமானதைத் தெரிந்தே எடுக்க என்னால் முடியவில்லை. அது நல்ல புத்தியா, வெறும் பழக்கமா, தெரியாது.

மெக்கானிக் அதைப் போட்டு முடித்தான். வண்டியைக் கிளப்பினால் பூப்போல ஓடியது. என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாகத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். நாளை மறுநாள் அமாவாசை. நான் அம்மாவுக்கு மிளகாய்த்தூள் அரைத்து டப்பாவில் அடைத்தேன், இரண்டு பழைய புடவைக்கு ஓரம் அடித்தேன், பையைக் கட்டி வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே மில்காரர் வந்து நின்றார். யார் சொல்லியனுப்பினார்கள் என்று தெரியவில்லை. மெக்கானிக்காக இருக்கலாம். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து தறிக்குழியின் எதிரே நின்றார்.

"என்னாப்பா, பேச்சு மூச்சே இல்லாம ஓடுது! குடுத்துடு, நான் கையோட எடுத்துக்கினு போறேன்."

என் வீட்டுக்காரர் நெய்வதை நிறுத்தினார். பிறகு, கல்யாணம் ஆனதிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வெளி ஆள் எதிரில் என் பக்கம் திரும்பி, "என்னா சொல்ற? குடுத்துடலாமா?" என்று கேட்டார்.

மாமியார் பார்த்தாள். மில்காரர் பார்த்தார். என் முகம் சூடானது. என்னைப் போய்க் கேட்கிறாரே என்று வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மா அப்படித்தான் சொல்வாள், மாமியார் அப்படித்தான் சொல்வாள், பெண்கள் நாலு பேர் எதிரில் சொல்வது அதைத்தான். வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. வேண்டாம் என்ற வார்த்தை கிளம்பி வருவதற்குள் மில்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் அமாவாசை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. நான் பையை அவிழ்த்து மிளகாய்த்தூளை எங்கள் டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

நான் டப்பாவை அழுத்தி மூடினேன். கூரத்தில் அம்மா விடிந்ததிலிருந்து வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து, வண்டி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.