கேப்டனக்காவின் உடம்பு

கொருக்குப்பேட்டையில் எங்கள் வரிசையிலேயே கலர் டிவி இருந்தது கோடிவீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஒரு விண்வெளித் தொடர் வரும். ஏதோ வெளிநாட்டுத் தொடர், இந்தியில் பேசுவார்கள். எங்களில் ஒருத்திக்கும் ஒரு வார்த்தை புரியாது. அதனாலேயே சண்டை அதிகம். கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி அடித்துக்கொள்வோம். ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வந்ததில்லை. அந்த விண்கப்பலுக்குத் தலைமை ஒரு பெண். கிராப்பு வெட்டிய தலை, நீலச் சட்டை. அவள் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ஆண்கள் சுற்றி நின்று பதில் சொல்வார்கள். எங்கள் வரிசையில் நாற்காலி வைத்திருந்த வீடுகளில்கூட ஒரு பெண் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கேப்டனக்கா என்று பெயர் வைத்தோம்.

அம்மா வேலை பார்த்தது கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பிளாஸ்டிக் குடோனில். ஹார்பரில் இறங்குகிற வெளிநாட்டுக் கழிவு பிளாஸ்டிக் அங்கே மூட்டை மூட்டையாக வரும். அதைத் தரம் பிரிப்பது பெண்கள். ஒரு தடவை மூட்டைகளில் பொம்மைகள் வந்தன. உள்ளங்கை நீளம், கையும் காலும் மடங்கும். விற்காமல் போனவையோ, அச்சில் கோணிப்போனவையோ, தெரியாது. அம்மா ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொடரில் வருகிற பச்சை மூஞ்சிக்காரன், வாலோடு!

"எம்மா, இவன் டிவில வர்றவன்மா!"

"எவனா இர்ந்தா எனுக்கு இன்னா? மூட்ட மூட்டயா கீறானுங்க."

"கேப்டனக்கா கீறாங்களா? நீல சொக்கா, கிராப்பு?"

"பாக்கறேன், பாக்கறேன். உயிர எடுக்காத."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ரயில்வே கேட்டில் போய் நின்றேன். கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுவிட்டால், அந்தப் பக்கம் நிற்கும் அம்மாவின் கால்களைச் சக்கரங்களுக்கு நடுவே தேடுவேன். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், கேப்டனக்கா போதும் என்று இருந்தது. வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை. என்னைக் கட்டிக்கொண்டவர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

குடோனில் அம்மாவின் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொம்மைகளுக்குத் தலை ரப்பர் மாதிரி மெத்து பிளாஸ்டிக், உடம்பு கெட்டி பிளாஸ்டிக். இரண்டும் ஒன்றாக அரவை மிஷினுக்குப் போனால் மொத்தமும் பாழ். அதனால் உடம்பை ஒரு கையில் பிடித்து, மறு கையால் தலையைத் திருகவேண்டும். தலை இடது பக்கம், உடம்பு வலது பக்கம். கண் அதில் இருக்காது. கண் பக்கத்தில் குந்தியிருப்பவள் முகத்தில் இருக்கும், வாய் எவள் வீட்டு மாமியார் கதையிலோ இருக்கும். கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அம்மா கேட்டில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்துதான் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கேப்டனக்காவின் தலை மட்டும் இருந்தது.

"முழுசாத்தான் கெட்ச்சிது," என்றாள். "எம் பொண்ணு கேட்டுகினே இர்ந்தா பாரு, அது இதான்னு பக்கத்துல கீறவளான்ட காட்டினேன். சொல்லிகினே இர்க்க சொல்லோ கை திருகிடிச்சி. ஒடம்பு அந்தாண்ட பூட்ச்சி. ஓடிப்போய் தேடறதுக்குள்ள மூட்டய மிஷினான்ட தூக்கினு பூட்டானுங்க."

நான் போட்ட கூச்சலில் கோடிவீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வழக்கமாக முதுகில் ஒன்று விழும். அன்றைக்கு விழவில்லை. "ஒடம்பு எங்க பூடும்? இன்னொண்ணு வரும். நான் பாத்துகினே கீறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவள் சொன்னபடி உடம்புகள் வந்தன. சிப்பாயின் உடம்பு, கை ஒடிந்த ரோபோவின் உடம்பு. நீலச் சட்டை மட்டும் வரவேயில்லை. வேறு வழியில்லாமல் தலையைப் பச்சை மூஞ்சிக்காரனின் உடம்பில் மாட்டினேன். சோப்பு டப்பாவை வெட்டி நாற்காலி செய்து வைத்திருந்தேன். வால் இடித்து அவளால் உட்கார முடியவில்லை. கேப்டனக்கா உட்காராமல் என்ன கேப்டனக்கா? அழுகை அழுகையாக வந்தது. கொஞ்ச நாளில் பொம்மை மூட்டை வருவது நின்றது. தொடரும் நின்றது. தலை மட்டும் என் பென்சில் டப்பாவிலிருந்து டிபன் பைக்கும், அங்கிருந்து ஆபீஸ் கைப்பைக்கும் மாறி மாறி என்னோடு வந்தது. தடவித் தடவி முடியின் கறுப்பு போய்விட்டது.

பல வருஷம் கழித்து, இந்தத் தலையின் கதை தெரிந்த ஆபீஸ் நண்பர் ஒருவர் வெளிநாடு போய்வந்தபோது அதே கேப்டனக்காவைப் பெட்டியோடு வாங்கி வந்து கொடுத்தார். பெரியவர்கள் சேகரிப்பதற்காகத் திரும்பவும் செய்து விற்கிறார்களாம். பெட்டியைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று எச்சரித்தார். தலையாட்டிவிட்டு, மீஞ்சூர் போகிற மின்சார ரயிலிலேயே பிரித்துவிட்டேன். நீலச் சட்டை. மடங்குகிற முழங்கால். நேரே மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்குப் போகாமல், அம்மாவைப் பார்க்கக் கொருக்குப்பேட்டையில் இறங்கினேன்.

அம்மா வேலையை விட்டு வெகுநாளாகிவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த நாற்காலி மடித்த துணியைச் சுமந்துகொண்டிருந்தது. அவள் தரையில்தான் குந்தியிருந்தாள். பொம்மையை அவள் கையில் கொடுத்தேன். "ஐ, நம்ம கேப்டனக்கா!" என்று வாங்கிக்கொண்டவள், என் முகத்தைப் பார்த்து, "இன்னாடி இப்டி எளச்சி பூட்ட? அவுரு நல்லா கீறாரா? சாப்டியா?" என்று ஆரம்பித்தாள்.

டிக்கென்று சத்தம் கேட்டது. தலை இடது பக்கம் விழுந்தது. உடம்பு வலது பக்கம்.

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. நான் கேட்டில் நின்ற காலமெல்லாம், மூட்டைக்கு மூட்டை இந்தக் கைகளும் அதையே தேடியிருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ வெச்சினு கீறியே, அந்தத் தலய எட்தா," என்றாள்.

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முடி போன அந்தத் தலையை உள்ளங்கையில் கசக்கிச் சூடாக்கி, நீலச் சட்டைக் கழுத்தில் வைத்து அழுத்தினாள். உட்கார்ந்துகொண்டது.

"சொன்னேன்ல, ஒடம்பு வரும்னு."

நான் நாற்காலியிலிருந்த துணியை எடுத்துக் கீழே போட்டேன். அம்மா பொம்மையின் முழங்காலை மடக்கி, நாற்காலி நடுவில் உட்காரவைத்தாள்.